எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்: அடைப்புக்குறிக்குள் நடந்ததைச் சொல்லும் சேவை

சர்வதேச சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பது முடிந்துபோன வாசகம்தான். ரியோ பிரகடனத்தின் 15ஆம் கோட்பாடு, பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு என்று எடுத்துப் படித்தால், ஒவ்வொரு வரியும் ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வி வரும். பதில் அந்த வரிக்குள் இருக்காது. யார் எதைக் கேட்டார்கள், எதற்குப் பதிலாக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது தெரிந்தால்தான் வாசகத்தின் நெளிவு புரியும். இதைத் தேடிப் பிடிக்க உதவும் இலவசச் சேவைகளில் எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டினுக்கு இணையாக வேறொன்று இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள இதைத் திறப்பவர் ஏமாந்துபோவார். சட்டம் எப்படிப் பேசி முடிக்கப்பட்டது என்பதைத்தான் இது சொல்லும்.

1992 மார்ச்சில் நியூயார்க்கில் ரியோ மாநாட்டின் (அந்த ஆண்டு நடந்த ஐநா சுற்றுச்சூழல், வளர்ச்சி மாநாடு) நான்காவது ஆயத்தக் கூட்டம் நடந்தபோது இது தொடங்கியது. அப்போது பெயர் எர்த் சம்மிட் புல்லட்டின். முதல் இரண்டு தொகுதிகள் அந்தக் கூட்டத்தையும் ரியோ மாநாட்டையும் பற்றியவை. இப்போது கனடாவின் வின்னிபெக்கில் தலைமையகம் கொண்ட ஐஐஎஸ்டி என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. கட்டணம் இல்லை. இணையதளத்திலேயே எல்லா இதழ்களும் உண்டு, மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளலாம். தமிழ்ப் பதிப்பு கிடையாது, பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

ஒவ்வொரு பேச்சுவார்த்தைத் தடத்துக்கும் ஒரு தொகுதி எண் உண்டு. காலநிலை 12, பல்லுயிர் 9, பாலைவனமாதல் 4, ஓசோன் 19, கடல் சட்டம் 25. ஒரு கூட்டம் நடக்கும் நாட்களில் முந்தைய நாளின் நிகழ்வைச் சொல்லும் தினசரி இதழ் வரும். இரண்டு பக்க அளவு, அவ்வளவுதான். அதன் கடைசியில் 'இன் த காரிடர்ஸ்' என்ற சிறு பகுதியில் தாழ்வாரப் பேச்சு இருக்கும். கூட்டம் முடிந்த ஓரிரு நாளில் சுருக்க இதழ் வரும். அதில் நிகழ்ச்சி நிரலின் ஒவ்வொரு தலைப்புக்கும் தனிப் பகுதி இருக்கும். முடிவில் 'சுருக்கமான பகுப்பாய்வு' என்று எழுத்தாளர்களின் சொந்தக் கணிப்பு வரும். இந்த நான்கும் ஒரே தரத்தவை அல்ல என்பதை முதல் நாளிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் தலைவலி குறையும். தினசரியும் சுருக்கமும் செய்தி. பகுப்பாய்வு கருத்து. தாழ்வாரப் பகுதி வதந்திக்குக் கொஞ்சம் மேலே.

எப்படிப் பயன்படுத்துவது என்று ஓர் உண்மையான வாசகத்தை வைத்தே பார்க்கலாம். பாரிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவின் 2ஆம் பத்தி, 'பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்ற கோட்பாட்டைச் சொல்லிவிட்டு, 'வெவ்வேறு தேசியச் சூழல்களின் வெளிச்சத்தில்' என்று ஒரு வாலை ஒட்டுகிறது. ரியோ பிரகடனத்தின் 7ஆம் கோட்பாட்டில் இந்த வால் இல்லை, 1992 காலநிலை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவிலும் இல்லை. எங்கிருந்து முளைத்தது?

முதலில் செய்ய வேண்டியது, இறுதி வாசகத்தை ஐநாவின் அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. பிறகு 12ஆம் தொகுதியின் 663ஆம் இதழ், அதாவது பாரிஸ் மாநாட்டின் சுருக்க இதழ். அதில் தேடும்போது கோட்பாட்டின் முழுப்பெயரைத் தட்டச்சு செய்தால் பாதிதான் அகப்படும். பேச்சுவார்த்தையில் இதற்கு வழங்கிய பெயர் 'டிஃபரன்ஷியேஷன்' (வேறுபடுத்தல்). அதோடு கோட்பாட்டின் ஆங்கிலப் பெயரான சிபிடிஆர் என்ற சுருக்கம், 'அவரவர் திறன்கள்' என்பதையும் சேர்த்த அதன் நீண்ட வடிவமான சிபிடிஆர்ஆர்சி, 'ஈக்விட்டி' (சமநீதி) ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். அடுத்து பின்னோக்கி நடக்க வேண்டும்: 2015 அக்டோபர் பான், ஆகஸ்ட்-செப்டம்பர் பான், ஜூன் பான், பிப்ரவரி ஜெனீவா, 2014 டிசம்பர் லிமா. லிமாவுக்கு வந்ததும் விடை கிடைத்துவிடும். அந்த வால் லிமா முடிவில் இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2014 நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிவிப்பில் இதே சொற்கள் வந்திருந்தன. இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி முடித்த ஒரு சொற்றொடர் ஓராண்டில் உலக ஒப்பந்தத்தின் வாசகமாகிவிட்டது. இறுதி ஆவணத்தை மட்டும் படிப்பவருக்கு இந்தப் பாதை தெரியவே தெரியாது.

பின்னோக்கி நடப்பதுதான் இங்கே சரியான திசை. 1992-இலிருந்து முன்னோக்கிப் படித்தால், பிறகு காணாமல் போன நூற்றுக்கணக்கான முன்மொழிவுகளில் மூழ்கிப்போவோம். 2015 பிப்ரவரியில் ஜெனீவாவில் தயாரான பேச்சுவார்த்தை வாசகம் மட்டும் 80 பக்கங்களுக்கு மேல். அக்டோபரில் இணைத் தலைவர்கள் அதைச் சுமார் 20 பக்கமாக வெட்டிக் கொண்டுவந்தார்கள். வளரும் நாடுகள் தங்கள் கோரிக்கைகள் காணோம் என்று சண்டை போட்டன. அதன்பின் 'அறுவைச் சிகிச்சைச் செருகல்கள்' என்ற பெயரில் வாசகம் மறுபடி வீங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தை நாள்வாரியாகச் சொல்வதில் புல்லட்டினின் தினசரி இதழ்கள் பிரமாதம்.

இரண்டாவது பலம், கடைசி நிமிட மாற்றங்களைப் பதிவு செய்வது. பாரிஸில் 2015 டிசம்பர் 12 மாலை, 4ஆம் பிரிவின் 4ஆம் பத்தியில் வளர்ந்த நாடுகளின் கடமையைச் சொல்லும் இடத்தில் 'ஷல்' என்று அச்சாகியிருந்தது. அது சட்டக் கடமை. அமெரிக்காவுக்கு வேண்டியிருந்தது கட்டாயமில்லாத 'ஷுட்'. கட்டாயச் சொல்லாக நின்றால் ஒப்பந்தம் செனட்டின் ஒப்புதலுக்குப் போக வேண்டிவரும் என்ற அச்சம். கடைசியில் செயலகம் வாசித்த 'தொழில்நுட்பத் திருத்தங்கள்' பட்டியலோடு பட்டியலாக அதுவும் மாறியது. 2021-இல் கிளாஸ்கோவில் நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாகக் கைவிடுவது' என்றிருந்ததை 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றும்படி இந்தியா இறுதி முழு அமர்வில் கேட்டது. சுவிட்சர்லாந்தும் மெக்சிகோவும் இது நடந்த விதத்தைக் கண்டித்தன. முடிவு ஆவணத்தில் மாறிய சொல் மட்டும்தான் இருக்கும். கண்டனம் புல்லட்டினில் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், காலநிலை உடன்படிக்கையில் வாக்கெடுப்பு விதி இன்றுவரை ஏற்கப்படவில்லை. வரைவு விதிகளில் 42ஆம் விதி அடைப்புக்குறிக்குள்ளேயே, அதாவது உடன்பாடு எட்டாத வாசகமாகவே, கிடக்கிறது. எனவே எல்லாமே ஒருமித்த கருத்து. ஒருமித்த கருத்து என்றால் என்ன என்பதையோ தலைவரின் சுத்தியல்தான் தீர்மானிக்கிறது. 2010-இல் கான்கூனில் பொலிவியா வெளிப்படையாக எதிர்த்தும் சுத்தியல் விழுந்தது. 2012-இல் தோஹாவில் ரஷ்யாவுக்கு அதே கதி. ஒரு கோட்பாட்டுக்குப் பின்னால் எத்தனை நாடுகள் மனதார நின்றன என்பதை எடைபோட இந்த விவரம் வேண்டும்.

முன்னெச்சரிக்கையை, அதாவது அறிவியல் உறுதி முழுதாக இல்லை என்பதற்காகப் பாதுகாப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக்கூடாது என்பதை, எடுத்துக்கொண்டால் புல்லட்டினின் பல தொகுதிகளைச் சேர்த்துப் படிப்பதன் பயன் தெரியும். ரியோவின் 15ஆம் கோட்பாடு அதை 'அணுகுமுறை' என்கிறது, நாடுகள் 'தங்கள் திறனுக்கேற்ப' பின்பற்ற வேண்டும் என்கிறது. ஐரோப்பிய நாடுகள் 'கோட்பாடு' என்று சொல்ல விரும்பின. அமெரிக்கா 'அணுகுமுறை'யைத் தாண்ட மறுத்தது. 2000 ஜனவரியில் மாண்ட்ரியலில் முடிந்த கார்ட்டஹீனா உயிரியல் பாதுகாப்பு நெறிமுறையில், பெயரைச் சொல்லாமலே 10, 11ஆம் பிரிவுகளில் அது செயல்விதியாக நுழைந்தது: அறிவியல் உறுதி இல்லை என்பது, இறக்குமதி செய்யும் நாடு முடிவெடுப்பதைத் தடுக்காது. அந்தப் பேச்சுவார்த்தையின் தலைவர் கொலம்பியாவின் ஹுவான் மாயிர், எந்தக் குழு முதலில் பேசுவது என்பதை வண்ணப் பந்துகளை எடுக்கச் சொல்லித் தீர்த்தவர். 9ஆம் தொகுதியில் இந்தக் காலகட்டத்து இதழ்கள் படிக்கவும் சுவையானவை. 2023 ஜூன் 19 அன்று ஏற்கப்பட்ட ஆழ்கடல் பல்லுயிர் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு அல்லது முன்னெச்சரிக்கை அணுகுமுறை, பொருத்தம்போல்' என்று இரண்டையும் போட்டுவைத்திருக்கிறது. முப்பது ஆண்டுச் சண்டைக்கு ஓர் 'அல்லது' போட்டுத் தீர்வு. 1, 9, 25 என்று மூன்று தொகுதிகளைத் தாவினால்தான் இந்த நீட்சி தெரியும். தளத்தில் கோட்பாடுவாரியான வகைப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள், தொகுதிவாரியாகத்தான் யோசிக்க வேண்டும்.

இனி குறைகள்.

மூடிய அறைகள் முதல் பிரச்சினை. முறைசாராக் கூட்டங்களில் பேசப்பட்டதை எழுதும்போது புல்லட்டின் பெரும்பாலும் 'சில நாடுகள்', 'ஒரு குழு', 'பலர்' என்றே எழுதும். நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் வந்தால் அது பதிவான பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். பெயரில்லாத வாக்கியத்தைப் படித்துவிட்டு 'இது இன்ன நாடுதான்' என்று ஊகித்து ஆய்வுக் கட்டுரையில் எழுதுவது ஆபத்து. அமைச்சர்களும் குழுத் தலைவர்களும் மட்டும் இருக்கும் கடைசி இரவுகளில் என்ன நடந்தது என்பதற்கு அடுத்த நாள் இதழில் ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். கோட்பாடுகள் முடிவாவது பெரும்பாலும் அங்கேதான் என்பது சங்கடமான விஷயம்.

இரண்டாவது, இடப்பற்றாக்குறை. காலநிலை மாநாடுகளில் ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கிறது, தினசரி இதழோ இரண்டு பக்கம். ஊடக வெளிச்சம் படும் தலைப்புகளுக்கு இடம் கிடைக்கும். திறன் வளர்ப்பு, தொழில்நுட்பப் பரிமாற்றம் போன்றவை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். புல்லட்டினில் இல்லை என்பதால் விவாதமே நடக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: எண்கள். கூட்டம் முடிந்த சூட்டோடு எழுதப்படும் எதிலும் வரைவு ஆவணத்தின் பத்தி எண்கள்தான் இருக்கும். பாரிஸில், காலநிலை மாற்றம் விளைவிக்கும் இழப்பும் சேதமும் பற்றிய 8ஆம் பிரிவு 'எந்தப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது' என்று சொல்லும் புகழ்பெற்ற பத்தி, கடைசி வரைவில் 52. ஒப்பந்தத்தை ஏற்ற 1/சிபி.21 என்ற மாநாட்டு முடிவு அச்சானபோது அது 51. இன்றும் பல கட்டுரைகளில் 52 உலவுகிறது. ஆவணக் குறியீட்டில் 'எல்' என்ற எழுத்து இருந்தால் அது வரைவு, 'சிஆர்பி' என்றால் மாநாட்டு அறைத் தாள், 'ஆட்.1' என்று முடியும் மாநாட்டு அறிக்கையின் இணைப்பில்தான் இறுதி முடிவுகள் இருக்கும். மேற்கோள் காட்டும் முன் அந்த இணைப்பைத் திறந்து எண்ணைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஏற்கப்பட்ட வாசகத்துக்கு ஒருபோதும் புல்லட்டினை மேற்கோள் காட்டாதீர்கள்.

அதேபோல, ஒப்பந்தச் சட்டம் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு ஒரு வாசகத்தைப் பொருள்கொள்ள ஆயத்தப் பணிகளைத் துணையாகப் பார்க்கலாம் என்கிறது. புல்லட்டின் அந்த ஆயத்தப் பணி ஆவணம் ஆகாது. அது ஒரு மூன்றாம் தரப்பின் குறிப்பு. எந்த முன்மொழிவைத் தேட வேண்டும், எந்த நாளில் தேட வேண்டும் என்பதை இது காட்டும். சான்றாக வைக்க வேண்டியது அந்த நாடு சமர்ப்பித்த மூல ஆவணம். நன்கொடை கொடுக்கும் அரசுகளின் பட்டியல் இதழின் அடியிலேயே இருக்கிறது, படித்துவிட்டே உள்ளே போகலாம்.

நான்காவது குறை காலம். 1992-க்கு முன் எதுவும் இல்லை. 1972 ஸ்டாக்ஹோம் பிரகடனத்தின் 26 கோட்பாடுகள், 1987 மாண்ட்ரியல் நெறிமுறை, 1990-இல் லண்டனில் உருவான பலதரப்பு நிதி, எல்லாம் வெளியே. நீதிமன்றங்களும் வெளியே. ஸ்டாக்ஹோமின் 21ஆம் கோட்பாடு, அதாவது ஒரு நாடு தன் எல்லைக்கு வெளியே சுற்றுச்சூழல் சேதம் விளைவிக்கக்கூடாது என்பது, இன்று கட்டுப்படுத்தும் வழக்காறாகக் கருதப்படுவதற்குப் பேச்சுவார்த்தை மட்டும் காரணமல்ல. 1996-இல் அணு ஆயுதம் பற்றிய கருத்துரையில் சர்வதேச நீதிமன்றம் அதை அங்கீகரித்தது, 2025 ஜூலை 23 காலநிலைக் கருத்துரை அதைக் காலநிலைக்கும் பொருத்தியது. மாநாட்டு மண்டபத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கதையில் பாதி தவறிப்போகும்.

ஆகவே துணைக்கு மூன்று தளங்கள். 1992-க்கு முந்தையதற்கு ஐநாவின் சர்வதேசச் சட்ட ஒலி ஒளி நூலகம். ஸ்டாக்ஹோம், ரியோ பிரகடனங்கள் இரண்டுக்கும் சேர்த்து குந்தர் ஹாண்டல் எழுதிய அறிமுகக் குறிப்பும், நடைமுறை வரலாறும், ஆயத்த ஆவணங்களுக்கான இணைப்புகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஸ்டாக்ஹோமின் 21ஐ ரியோவின் 2ஆம் கோட்பாடு அப்படியே எடுத்துக்கொண்டு, 'சுற்றுச்சூழல் கொள்கைகள்' என்ற இடத்தில் 'வளர்ச்சிக் கொள்கைகள்' என்பதையும் சேர்த்தது. சின்னச் செருகல்தான், ஆனால் இருபது ஆண்டுகளில் வளரும் நாடுகளின் குரல் எவ்வளவு வலுத்தது என்பதற்கு அதுவே அளவு. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட இந்த நூலகம் போதும்.

இன்ஃபார்எம்இஏ, சுற்றுச்சூழல் உடன்படிக்கைகளின் வாசகம், முடிவுகள், உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட விடுகிறது. சொற்களஞ்சியமும் இலவசப் பாடங்களும் உண்டு. தொடக்க நிலை மாணவருக்கு முதலில் இதைத்தான் பரிந்துரைப்போம். பேச்சுவார்த்தையின் சூடு இதில் இருக்காது.

ஐநா ஒப்பந்தத் தொகுப்பில் சுற்றுச்சூழலுக்கான 27ஆம் அத்தியாயம்தான் மூன்றாவது, அதிகம் பேர் திறக்காதது. தோற்றம் வறட்டுத்தனமாக இருக்கும்: கையெழுத்துத் தேதி, ஒப்புதல் தேதி, அவ்வளவே என்று தோன்றும். கீழே இறங்கினால் நாடுகள் சேரும்போது செய்த அறிவிப்புகள் வரும். 1992 காலநிலை உடன்படிக்கையில் இணைந்தபோது ஃபிஜி, கிரிபாட்டி, நவ்ரு, துவாலு ஆகியவை, இதில் சேர்வதால் காலநிலைப் பாதிப்புக்கான அரசுப் பொறுப்பு குறித்த தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று எழுதி வைத்தன. பாரிஸில் 51ஆம் பத்தி எதற்காக அவ்வளவு வலிந்து நுழைக்கப்பட்டது என்பதும், சில தீவு நாடுகள் பாரிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது அதே அறிவிப்பை ஏன் மறுபடி செய்தன என்பதும் இந்த ஒரு பக்கத்தில் புரிந்துவிடும். புல்லட்டின் கூட்ட அறையோடு நின்றுவிடும்; ஒப்புதல் மேசையில் நடந்தது இங்கேதான்.

யாருக்கு எது? தேர்வுக்குப் படிப்பவருக்கு நூலகமும் இன்ஃபார்எம்இஏவும் போதும். கட்டுரை எழுதும் பத்திரிகையாளர் சுருக்க இதழின் பகுப்பாய்வை முதலில் படிக்கட்டும், பிறகு குறிப்பிட்ட தலைப்பின் பகுதிக்குப் போகட்டும்; தினசரிகளில் நேரம் செலவிட வேண்டாம். ஒரு சொற்றொடரின் பிறப்பைத் தேடும் ஆய்வாளருக்குத் தினசரிகள்தான் தங்கச் சுரங்கம். ஆனால் அவர் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும்: தேதி, இதழ் எண், யார் பேசியது, முறையான அமர்வா முறைசாராததா, எந்த வரைவின் எந்தப் பத்தி. கடைசி இரண்டையும் குறிக்காமல் விட்டால் மூன்று மாதம் கழித்து எதையும் சரிபார்க்க முடியாது.

முடிந்துபோன ஒப்பந்தங்களைவிட முடியாத ஒன்றில் இந்தச் சேவையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு 2022 இறுதியில் உருகுவேயின் புன்டா டெல் எஸ்டேயில் தொடங்கி, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. கோட்பாடுகளுக்குத் தனிப் பிரிவு வேண்டுமா, முன்னுரையில் ஒரு வரி போதுமா என்ற பழைய சண்டை அங்கேயும் நடந்தது. 1992-இல் காலநிலை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவுக்கு எதிராக இதே வாதம்தான். அமெரிக்கா தடுக்க முடியாதபோது, பிரிவுத் தலைப்புகள் வாசகருக்கு உதவ மட்டுமே என்று ஓர் அடிக்குறிப்பைச் சேர்க்க வைத்தது. பாரிஸ் ஒப்பந்தத்தின் பிரிவுகளுக்கோ தலைப்பே கிடையாது. பிளாஸ்டிக் தடத்தின் சுருக்க இதழ்களைத் திறந்து 'பிரின்சிபிள்ஸ்' என்று தேடுங்கள். எந்த நாடு எந்தக் கூட்டத்தில் தனிப் பிரிவு கேட்டது, எது முன்னுரையோடு நிறுத்தப் பார்த்தது என்று வரிசையாக வரும். இறுதி வாசகம் வருவதற்கு முன்பே குறித்து வைத்தால், வந்த பிறகு தேட வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.